காசு அளவில் வாங்கிய ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்தால்... எங்கே விடுவது?

மீன் தொட்டி விற்கும் கடைகளின் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பத்துப் பதினைந்து ஆமைக் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை ஓடு. கண்ணுக்குப் பின்னால் குங்குமம் தீற்றியது போல ஒரு சிவப்புக் கோடு. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. ஆனால், இப்போது வாஸ்து வேறு மாதிரி சொல்கிறது. 'வீட்டில் ஆமை இருந்தால் பணம் சேரும்' என்று பெரியவர்களும், 'ப்ளீஸ்ப்பா, குட்டியா அழகா இருக்கு' என்று பிள்ளைகளும் சொல்ல, ஒரு ஜோடி வீட்டுக்கு வந்துவிடுகிறது. கூடவே ஒரு சின்னத் தொட்டி, அதில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், ஒரு டப்பா தீனி.

கடையில் சொல்லாமல் விடுவது இதைத்தான். இது சிவப்புக்காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. சில வருடங்களில் 20 செ.மீ. தாண்டி வளரும். பெண் ஆமை 30 செ.மீ. வரைகூடப் போகும். அதாவது சாப்பாட்டுத் தட்டு அளவு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடங்கள் வாழும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்காக வாங்கிய ஆமை, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் தொட்டியில் இருக்கும்!

ஆனால், பெரும்பாலான வீடுகளில் அது அவ்வளவு காலம் இருப்பதில்லை. தண்ணீர் நாறுகிறது, தொட்டி போதவில்லை, பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது. ஒருநாள் ஒரு பையில் போட்டு, பக்கத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள்.

ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கும் பழக்கத்துக்கு உலகம் முழுக்கக் கெட்ட பெயர் வந்தது இந்தக் கடைசி நாளால்தான். வாங்குகிற நாளில் எல்லோரும் நல்லவர்கள். வேண்டாம் என்று தோன்றுகிற நாளில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்றே படங்கள்

'பாம்பு வளர்க்கிறேன்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனதில் என்ன ஓடும்? பெரும்பாலும் மூன்று படங்கள்.

முதலாவது, ஏர்போர்ட் படம். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டியில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. சுங்க அதிகாரிகள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்த காட்சி எல்லோருடைய போனுக்கும் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் இப்படி எத்தனையோ செய்திகள்.

இரண்டாவது, ரீல்ஸ் படம். கழுத்தில் மலைப்பாம்பு, கையில் உடும்பு, பின்னணியில் அதிரடி இசை. பிராணி என்ன ஆனால் என்ன, வியூஸ் வந்தால் சரி.

மூன்றாவது, 'பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்தது தப்பித்து வந்துவிட்டது' என்ற பயம். பாம்பென்றால் படையே நடுங்கும் எனும்போது, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு நடுங்காதா?

இந்த மூன்று படங்களிலும் இல்லாத ஒருவர் இருக்கிறார். தன் பிராணி எந்த நாட்டைச் சேர்ந்தது, என்ன வெப்பத்தில் வாழும், எவ்வளவு பெரிதாகும் என்று படித்துவிட்டு, ரசீதோடு வாங்கி, பதிவு செய்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் 20 வருடங்கள் வளர்ப்பவர். அவரைப் பற்றிச் செய்தி வராது. ஒழுங்காக நடப்பதில் பரபரப்பு எதுவும் இல்லையே. அதனால் மற்ற மூவர் செய்கிற வேலைக்கும் சேர்த்து அவரும் பெயர் கெடுகிறார்.

ஃப்ளோரிடாவுக்குப் போன இருளர்கள்

ஒரு ஹாபி கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா. அந்தக் கதையில் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு.

தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பர்மிய மலைப்பாம்பு, அமெரிக்காவில் பல ஆண்டுகள் செல்லப்பிராணியாக விற்கப்பட்டது. குட்டியாக இருக்கும்போது கைக்குள் அடங்கும். வளர்ந்தால் 15 அடியைத் தாண்டும். சமாளிக்க முடியாதவர்கள் 'எவர்கிளேட்ஸ்' சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சில தாமாகத் தப்பின. 1992இல் வந்த ஆண்ட்ரூ புயலில், பாம்பு வளர்ப்புக் கூடம் ஒன்று சிதைந்து, அங்கிருந்தவையும் வெளியேறின. வெயில், தண்ணீர், இரை எல்லாம் அமோகம். தட்டிக்கேட்கவும் ஆள் இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில், இவை அங்கேயே முட்டையிட்டுப் பெருகிவிட்டன என்பது உறுதியானது.

2012இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பகுதிச் சாலைகளில் கண்ணில் படும் பாலூட்டிகளை எண்ணிப் பார்த்து, 1990களின் கணக்கோடு ஒப்பிட்டது. ரக்கூன்கள் 99.3 சதவிகிதம் குறைந்திருந்தன. ஒப்போசம் எனும் பிராணி 98.9 சதவிகிதம். பாப்கேட் எனப்படும் காட்டுப்பூனை 87.5 சதவிகிதம். அதே ஆண்டில் அமெரிக்க அரசு இந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. அதற்குள் பாம்புகள் சதுப்பு நிலத்தில் நிலைத்துவிட்டன.

நாய்கள், ரேடியோ கருவிகள், பரிசுப் போட்டிகள் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். புல்லுக்குள் கிடக்கும் பாம்பைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. 2017 தொடக்கத்தில், பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேக்கரின் ஏற்பாட்டில், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் ஃப்ளோரிடா போனார்கள். மண்ணில் உள்ள தடத்தையும் புல் மடங்கியிருக்கும் விதத்தையும் பார்த்தே பாம்பு போன திசையைச் சொல்பவர்கள் அவர்கள். இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அமெரிக்காவில் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, யாரோ சலித்துப்போய் விட்ட பாம்பைப் பிடிக்க, செங்கல்பட்டிலிருந்து ஆள் போக வேண்டியிருந்தது!

இருளர்களின் சொந்தக் கதையும் இங்கே சொல்ல வேண்டியதுதான். ஒருகாலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் நின்றுபோனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இப்போது அரசு அனுமதிக்கும் எண்ணிக்கையில் பாம்பு பிடித்து, மண் பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்து, திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் போகிறது. பாம்பைத் தொடுபவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை நாடே மதிக்கத் தொடங்கியது, பாம்பைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்ததால்தான்.

புண்ணியம் என்று நினைத்து...

'அவர்களும் காட்டில்தானே விடுகிறார்கள், நாங்கள் குளத்தில் விட்டால் என்ன?' என்று கேட்கலாம்.

இருளர்கள் விடுவது இந்த மண்ணின் பாம்பை. தொட்டியிலிருந்து குளத்துக்குப் போவது அமெரிக்க ஆமை. நம் ஊர்க் குளங்களுக்கென்று சொந்த ஆமைகள் இருக்கின்றன. வெயில் காய அவை ஏறும் அதே கல்லுக்கும், தின்னும் அதே மீனுக்கும் பாசிக்கும் புதிதாக வந்த சிவப்புக்காது ஆமை போட்டிக்கு வருகிறது. கிடைத்ததைத் தின்னும், சீக்கிரம் பெருகும், நோய்க்கிருமிகளையும் கொண்டுவரலாம். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயர் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது.

இந்தியாவிலும் இது வெளியே வந்துவிட்டது. கேரளத்தில் 2018இல் திருச்சூர் வாய்க்கால் ஒன்றில் இது கிடைத்தது. அதன் பிறகு கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், வீட்டில் வைத்திருப்பவர்கள் வெளியே விடாமல் ஒப்படைக்க வேண்டும் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. 2020இல் அசாமின் குவாஹாட்டியில் உக்ரதாரா கோயில் குளத்தில் இது கண்டறியப்பட்டது. கோயில் குளத்துக்கு எப்படி வந்திருக்கும்? கொல்ல மனம் வராத யாரோ, சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள்.

மனசு நல்ல மனசுதான். ஆனால், அந்தப் புண்ணியத்தின் விலையைக் குளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஜீவன்கள் கொடுக்கின்றன.

எதை வளர்க்கவே கூடாது?

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. இந்தியக் காடுகளிலும் வயல்களிலும் வாழும் ஊர்வனவற்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை... எதையுமே. 'காட்டிலிருந்து பிடிக்கவில்லை, நண்பர் கொடுத்தார்' என்பது செல்லாது.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது நட்சத்திர ஆமை. ஓட்டில் இருக்கும் நட்சத்திரக் கோலமே அதற்கு எமன். அதிர்ஷ்டம் என்று வாங்குபவர்கள் ஒரு பக்கம், வெளிநாட்டுக்குக் கடத்துபவர்கள் இன்னொரு பக்கம். 2019இல் இதன் பன்னாட்டு வர்த்தகமே தடை செய்யப்பட்டது. அடுத்து மண்ணுளிப் பாம்பு. 'இரண்டு தலை, கோடிக்கணக்கில் விலை போகும்' என்று சொல்லி ஏமாற்றும் கும்பலை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். அதற்கு ஒரே ஒரு தலைதான். வால் மொண்ணையாக இருப்பதால் தலை மாதிரித் தெரிகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, உச்சபட்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

எதற்கு அனுமதி உண்டு?

வெளிநாட்டு இனங்களின் கதை வேறு. பால் பைத்தான் என்று ஒரு மலைப்பாம்பு. பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் இந்தப் பெயர். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, விஷம் கிடையாது. அடுத்து இகுவானா. பச்சை நிறப் பெரிய ஓணான் மாதிரி இருக்கும். இரண்டும் பன்னாட்டு வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தமான 'சைட்டிஸ்' பட்டியலில் உள்ளவை. எனவே இந்தியச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன.

இவற்றை வைத்திருப்பவர்களுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. ஆறு மாதங்களுக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால், எங்கிருந்து வந்தது என்று ஆவணம் கேட்கப்படாது என்றது. அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று வந்த புதிய விதிகளின்படி, இத்தகைய பிராணிகளை 'பரிவேஷ் 2.0' இணையதளம் வழியாக மாநில வனத்துறையிடம் பதிவு செய்வது கட்டாயம். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. இனி வாங்குபவர்கள், கைக்கு வந்த 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

இதன் அர்த்தம், விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. 'பேப்பர் இருக்கா?' என்பதுதான். 'அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார்' என்று பதில் வந்தால், அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது. ஏர்போர்ட்டில் பிடிபட்ட பெட்டிக்கும் அந்தக் கடைக்கும் நடுவே அதிக தூரம் இருக்காது. வழியில் மூச்சுத் திணறிச் செத்தவை போக, மிஞ்சியதுதான் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும்.

அழாத பிராணி

நாய்க்குப் பசித்தால் குரைக்கும். பூனை காலைச் சுற்றிவரும். ஆமையும் பாம்பும் எதுவுமே சொல்லாது. உடம்பு சரியில்லை என்றாலும் முடிந்தவரை மறைத்துக்கொள்ளும். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் இரையாகிவிடும் என்பதால் வந்த குணம். அதனால்தான் இவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டே பட்டினி போடவும், நோயாளி ஆக்கவும் முடியும்.

ஊர்வனவற்றின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே அவற்றின் கூண்டில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். தேவைப்படும்போது அங்கும் இங்கும் நகர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். சூடு போதவில்லை என்றால் சாப்பிட்டது ஜீரணம் ஆகாது. நம் ஊர் மே மாதத்தில் இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மூடிய கண்ணாடிப் பெட்டி ஜன்னல் வெயிலில் இருந்தால் சில மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். தெர்மாமீட்டர் இல்லாமல் வளர்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது போல.

அடுத்தது வெளிச்சம். ஆமைக்கும் இகுவானாவுக்கும் 'யூ.வி.பி' எனும் கதிர் தேவை. அது இருந்தால்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரித்து, கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். நேரடி வெயில் அல்லது அதற்கான விளக்கு வேண்டும். அந்த விளக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல்பு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் சில மாதங்களில் கதிர் குறைந்துபோகும். குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். இது தெரியாத வீடுகளில் ஆமையின் ஓடு மெத்தென்று ஆகிறது, இகுவானாவின் தாடையும் கால்களும் வளைகின்றன.

சாப்பாடு மூன்றாவது. சிவப்புக்காது ஆமை குட்டியில் பூச்சி, புழு, மீன் என்று அதிகம் தின்னும். வளர வளர இலை தழைக்கு மாறும். காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் சத்துக் குறைந்து, கண்கள் வீங்கி மூடிக்கொள்ளும். இகுவானா சுத்த சைவம். பாம்பு சுத்த அசைவம். பால் குடிக்காது, முட்டை விரதமும் இருக்காது. பால் பைத்தானுக்கு எலிதான் உணவு. அதுவும் உறைய வைத்து வாங்கி, பனி நீக்கிக் கொடுப்பார்கள். ஃப்ரீசரில் ஐஸ்க்ரீமுக்குப் பக்கத்தில் எலி இருப்பதற்கு வீட்டில் எல்லோரும் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, இடம். வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. நீர் ஆமையின் ஓட்டு நீளத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர். எட்டு அங்குல ஆமைக்கு 320 லிட்டர்! பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த அந்தத் தொட்டியில் இரண்டு மூன்று லிட்டர் நின்றால் அதிகம்.

இவ்வளவையும் எத்தனை காலம் செய்வது? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சி சாலையில் ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டுச் செய்தியானது. அப்போது அதன் வயது 62க்குக் குறையாது என்று கணித்தார்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா?

ஆமை, பல்லி, பாம்பு போன்றவை 'சால்மொனெல்லா' எனும் பாக்டீரியாவைச் சுமக்கலாம். பிராணிக்கு எந்த நோயும் தெரியாது. தொட்ட கையை வாயில் வைத்த குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். அமெரிக்காவில் குட்டி ஆமைகளால் ஏராளமான குழந்தைகள் பாதிக்கப்பட்டதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975இல் தடை வந்தது. இங்கே கடைகளில் இருப்பவை பெரும்பாலும் அதே அளவுக் குட்டிகள்தான்.

5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை, 65 வயதைத் தாண்டிய பெரியவர், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. மற்ற வீடுகளில் இரண்டே விதிகள். தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைத் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது.

கெட்ட பெயரை மாற்றியவர்கள்

இந்த ஹாபியில் உள்ளவர்களே சில விஷயங்களைத் திருத்தியும் இருக்கிறார்கள். பால் பைத்தானில் 'ஸ்பைடர்' என்றொரு நிற வகை உண்டு. சிலந்தி வலை போன்ற கோடுகளோடு அழகாக இருக்கும். ஆனால், அந்த நிறத்தைத் தரும் மரபணுவோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. தலை ஆடும், சிலவற்றால் இரையைக் குறிபார்த்துப் பிடிக்கவே முடியாது. பிரிட்டனில் ஊர்வன வளர்ப்போர் சங்கம் ஒன்று, தன் கண்காட்சிகளில் இந்த வகையை விற்கவே கூடாது என்று முடிவெடுத்தது. நல்ல விலை போகும் சரக்கை, அது படும் பாட்டுக்காக அவர்களே ஒதுக்கி வைத்தார்கள்.

ஃப்ளோரிடாவும் பாடம் கற்றது. 2006 முதல் அங்கே அரசே ஒரு திட்டம் நடத்துகிறது. வெளிநாட்டுப் பிராணியை வளர்க்க முடியாதவர்கள், காரணம் சொல்லாமல், அபராதம் கட்டாமல் ஒப்படைக்கலாம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலும் தண்டனை கிடையாது. அரசு ஒப்புதல் பெற்ற வேறொருவர் அதைத் தத்தெடுத்துக்கொள்வார். பயமுறுத்தினால் இரவோடு இரவாகச் சதுப்பு நிலத்தில் விடுவார்கள், பயமில்லாமல் வரச் சொன்னால் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்ற எளிய புரிதல். நம் ஊரிலும் ஊருக்கு ஒன்றாக இப்படி ஓர் இடம் இருந்தால், கோயில் குளங்கள் பிழைக்கும்.

இனி வளர்க்க முடியாது என்றால்...

ஏற்கெனவே வீட்டில் ஆமையோ வேறு ஊர்வனவோ இருந்து, இனி முடியாது என்ற நிலை வந்தால் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று. ஏரி, ஆறு, குளம், கிணறு எங்கேயும் விடக்கூடாது.

இந்திய இனமாக இருந்தால், உடனே மாவட்ட வனத்துறை அலுவலகத்தை அணுக வேண்டும். வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் குற்றம்தான்.

பதிவு செய்த வெளிநாட்டு இனமாக இருந்தால், வேறொருவருக்குக் கொடுப்பதையும் வனத்துறையிடம் தெரிவித்து, பதிவை மாற்ற வேண்டும். வாங்குபவர் அதே ஆர்வம் உள்ளவரா, இடம் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

சிவப்புக்காது ஆமையாக இருந்தால், பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவர் கிடைக்கும்வரை உங்களிடமே இருக்கட்டும். வாங்கிய கடையில் கேட்டுப் பாருங்கள். வனத்துறையிடமும் பிராணிகள் நல அமைப்புகளிடமும் கேளுங்கள். பத்து இடங்களில் 'முடியாது' என்பார்கள். பதினோராவது இடத்தையும் கேட்க வேண்டியிருக்கும். வாங்கும்போது ஐந்து நிமிடம் ஆனதற்கும் விடும்போது ஐந்து மாதம் ஆவதற்கும் உள்ள வித்தியாசம்தான் பொறுப்பு.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்த இனத்தை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறதா? ரசீதும் பதிவும் கிடைக்குமா?

2. முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிது? அந்த அளவுக்கு வீட்டில் இடம் இருக்கிறதா?

3. எத்தனை வருடம் வாழும்? பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன பிறகு யார் பார்ப்பது? கரன்ட் போனால் விளக்குக்கும் ஹீட்டருக்கும் என்ன ஏற்பாடு?

4. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா? நாய், பூனை பார்க்கும் எல்லா டாக்டரும் ஆமையைப் பார்ப்பதில்லை.

5. ஒருநாள் முடியாமல் போனால், யாரிடம் கொடுப்பேன்?

ஐந்தாவது கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால், இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

அதற்காகப் பிள்ளையின் ஆர்வத்தை அணைத்துவிட வேண்டியதில்லை. கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. முதலையும் ஆமையும் உடும்பும் பாம்பும் எப்படி வாழ்கின்றன என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். இருளர்கள் பாம்பை எவ்வளவு நிதானமாகக் கையாள்கிறார்கள் என்று அந்த வளாகத்திலேயே தெரிந்துகொள்ளலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வேலியில் ஓணான் இருக்கிறது, ட்யூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி இருக்கிறது. எந்த நேரத்தில் வருகிறது, எதைத் தின்கிறது, வெயிலில் எவ்வளவு நேரம் உட்கார்கிறது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முப்பது நாளும் விடாமல் எழுதுகிற பிள்ளை என்றால், ஒரு பிராணியைப் பற்றி அடுத்த பேச்சை அப்போது ஆரம்பிக்கலாம்.